எந்த நாட்டுச் சட்டம், யாருக்காக? – தனியார் பன்னாட்டுச் சட்டத் தொகுப்புகள் குறித்து ஓர் ஆய்வு

1869இல் பிரான்ஸின் தென்மேற்கே உள்ள போ நகரில் ஃபோர்கோ என்ற முதியவர் இறந்தார். பவேரியாவில் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். சிறுவயதிலேயே பிரான்ஸுக்கு வந்து, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தவர். உயில் எழுதவில்லை, பிள்ளைகளும் இல்லை. கணிசமான அசையும் சொத்தை விட்டுச் சென்றிருந்தார். பிரெஞ்சுச் சட்டப்படி அது அரசுக்குச் சேரும். பவேரியச் சட்டப்படி தாய்வழி உறவினருக்குப் பங்கு உண்டு. அன்றைய பிரான்ஸில் வெளிநாட்டவர் ஒருவர் சட்டப்படியான வாழிடம் பெற அரசின் அனுமதி வேண்டும். ஃபோர்கோ அதைக் கேட்டு வாங்கியதே இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் கடைசிவரை பவேரியாக்காரர். உறவினர் வென்றுவிட்டார்கள் என்றே தோன்றியது. ஆனால் பவேரியச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், அசையும் சொத்தின் வாரிசுரிமைக்கு இறந்தவர் உண்மையில் வாழ்ந்த ஊரின் சட்டமே பொருந்தும் என்று அது சொன்னது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் 1878இலும் 1882இலும் அந்தத் திருப்பியனுப்பலை ஏற்றுக்கொண்டது. சொத்து பிரெஞ்சுக் கருவூலத்துக்குப் போனது.

அந்தக் குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்த விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. வழக்கு தொடுக்கும் முன் யாரும் அதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. தனியார் பன்னாட்டுச் சட்டத்தை ஏன் தொகுத்து எழுத வேண்டும் என்ற கேள்வியின் முழுக் கனமும் இதில் இருக்கிறது.

இந்தத் துறை மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எல்லை தாண்டிய ஒரு தகராறை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம்? விசாரிக்கும் நீதிமன்றம் எந்த நாட்டுச் சட்டத்தைப் பொருத்த வேண்டும்? ஒரு நாட்டில் பெற்ற தீர்ப்பு இன்னொரு நாட்டில் செல்லுமா? இவற்றுக்கு உலகப் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் நீதிமன்றங்களுக்குத் தானே விதி வகுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே தம்பதி ஒரு நாட்டில் விவாகரத்து பெற்றவர்களாகவும் இன்னொரு நாட்டில் கணவன் மனைவியாகவும் இருக்க நேர்கிறது. 1960களுக்குப் பின்னான அரை நூற்றாண்டில் இந்த விதிகளை எழுதிவைத்த சட்டத் தொகுப்புகள் ஏறத்தாழ நூறு. அமெரிக்க அறிஞர் சைமியோனிடிஸ் 2014இல் வெளியிட்ட நூலில் அவற்றை ஒன்றோடொன்று வைத்து ஆராய்ந்திருக்கிறார்.

தொகுப்பு பற்றிய விவாதம் வழக்கமாக ஒரு தடத்தில்தான் ஓடும்: நிச்சயம் வேண்டுமா, நெகிழ்ச்சி வேண்டுமா? நாடாளுமன்றத்தை நம்புவதா, நீதிபதியை நம்புவதா? அந்தக் கேள்வி முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த விதிகள் யாருக்காக எழுதப்படுகின்றன? வணிக நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் நடுவர் தீர்ப்பாயம் என்று எழுதிக்கொள்கின்றன. கல்யாணத்தின்போது அப்படி யாரும் எழுதிக்கொள்வதில்லை. முன்கூட்டியே அறியத்தக்க விதி யாருக்கு அதிகம் தேவை என்பது இதிலிருந்தே தெரியும். பல நாட்டுத் தொகுப்புகளின் வரலாறும் அதையே சொல்கிறது.

1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்திலிருந்து தொடங்கலாம். அதன் மூன்றாம் பிரிவு மிகச் சுருக்கமானது. பொது ஒழுங்கு, பாதுகாப்புச் சட்டங்கள் பிரெஞ்சு மண்ணில் வாழும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். பிரான்ஸில் உள்ள அசையாச் சொத்து, வெளிநாட்டவருடையதானாலும், பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படும். ஒருவரின் நிலை, தகுதி பற்றிய சட்டங்கள் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரரையும் தொடரும். அவ்வளவுதான். பிரான்ஸில் வாழும் வெளிநாட்டவரின் திருமணத்துக்கு எந்தச் சட்டம் என்று அது சொல்லவில்லை. ஒப்பந்தம் பற்றியும் விபத்து பற்றியும் பேச்சே இல்லை. எழுதப்பட்ட சட்டத்தின் தாயகம் என்று பெயர்பெற்ற நாட்டில், இந்தத் துறை மட்டும் இரண்டு நூற்றாண்டுகளாக நீதிபதிகளின் கையால் வளர்ந்தது. 2022இல் ஒரு குழு முழுத் தொகுப்புக்கான வரைவை நீதி அமைச்சகத்திடம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளே பெரும்பகுதியை ஆளும்போது தேசியத் தொகுப்பு இனி எதற்கு என்று பிரெஞ்சு அறிஞர்களில் ஒரு சாரார் அதை எதிர்த்தார்கள்.

ஜெர்மனியில் கோட்பாடு முதலில் வந்தது. ஒவ்வொரு சட்ட உறவுக்கும் இயல்பான இருப்பிடம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதே வேலை என்று ஜெர்மன் சட்ட அறிஞர் சாவின்யி 1849இல் எழுதினார். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போனாலும் ஒரே முடிவு கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 1896இல் சட்டம் எழுதப்பட்டபோது அந்தக் கனவு பாதிதான் பிழைத்தது. வெளிநாட்டுச் சட்டங்களைத் தாமாக ஏற்றுக்கொண்டுவிட்டால் பிற நாடுகளுடன் பேரம் பேச எதுவும் மிஞ்சாது என்று ஜெர்மன் வெளியுறவுத் துறை தடுத்தது. அதனால் பல விதிகள், ஜெர்மன் சட்டம் எப்போது பொருந்தும் என்பதை மட்டும் சொல்லி நின்றன. வெளிநாட்டுச் சட்டம் பொருந்தும் இடங்களை நீதிமன்றங்களே பின்னர் நிரப்பிக்கொண்டன. இந்தத் துறையின் சட்டங்களை நீதியின் கணக்கு மட்டும் வடிவமைப்பதில்லை. அரசின் கணக்கும் உடன் இருக்கிறது.

ஜப்பானில் அந்த அரசியல் இன்னும் வெளிப்படை. ஐரோப்பிய வல்லரசுகளுடன் செய்த சமமற்ற ஒப்பந்தங்களின்படி ஜப்பானில் வாழ்ந்த ஐரோப்பியர் தங்கள் தூதரக நீதிமன்றங்களுக்கே கட்டுப்பட்டிருந்தார்கள். அந்த அவமானத்தை நீக்க, தன் நீதிமன்றங்கள் வெளிநாட்டவரையும் முறையாக விசாரிக்கும் என்று ஜப்பான் காட்ட வேண்டியிருந்தது. 1898இல் ஹோரெய் என்ற சட்டம் வந்தது. தூதரக நீதிமன்ற அதிகாரம் 1899இல் ஒழிந்தது. சியாம் 1938இல் இயற்றிய சட்ட முரண் சட்டத்தின் பின்னணியும் இதைப் போன்றதே. ஆசியாவின் முதல் தொகுப்புகள் குடும்பங்களின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல. இறையாண்மையை மீட்கும் போராட்டத்தில் பிறந்தவை. அந்த நோக்கத்தில் அவை வென்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய பிளவு, ஒருவரை அவருடைய குடியுரிமை ஆளுமா, வாழிடம் ஆளுமா என்பது. 1851இல் தூரின் நகரில் இத்தாலியச் சட்ட அறிஞர் மன்சீனி ஆற்றிய உரை, தேசிய இனமே சட்டத்தின் அடித்தளம் என்றது. ஒன்றிணையப் போராடிய இத்தாலிக்கு அது உணர்ச்சிகரமான கொள்கை. 1865 இத்தாலிய சிவில் சட்டம் அதை ஏற்றது. மக்களை வெளியே அனுப்பும் நாட்டுக்கு இது லாபம்: போன பிள்ளைகள் எங்கே போனாலும் தாய்நாட்டுச் சட்டம் கூடவே போகும். மக்களை வரவேற்கும் நாட்டுக்கு அது சங்கடம். அர்ஜென்டினா 1869இல் இயற்றிய சிவில் சட்டத்தில் வாழிடத்தையே பிடித்துக்கொண்டது. முதலில் குடியுரிமையைத் தேர்ந்த பிரேசில் 1942இல் வாழிடத்துக்கு மாறியது. இத்தாலியரும் ஜெர்மானியரும் ஜப்பானியரும் லட்சக்கணக்கில் குடியேறியிருந்த நாட்டில், உலகப் போரின் நடுவே, அந்த மாற்றம் நிகழ்ந்தது.

இந்தப் பிளவை ஒரே தொகுப்பால் மூடிவிட லத்தீன் அமெரிக்கா முயன்றது. 1889இன் மொண்டெவிடேயோ உடன்படிக்கைகள் அதன் முதல் அடி. 1928இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட புஸ்தமாந்தே தொகுப்பு அடுத்தது. கியூபா அறிஞர் புஸ்தமாந்தே எழுதிய அந்தத் தொகுப்பில் 437 பிரிவுகள்; 15 நாடுகள் ஏற்றன. ஆனால் ஏழாம் பிரிவைப் படித்தால் அதன் பலவீனம் தெரியும். தனிநபர் சட்டமாகக் குடியுரிமையைக் கொள்வதா வாழிடத்தைக் கொள்வதா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்யலாம் என்கிறது அது. எந்தக் கேள்விக்காக நாடுகள் கூடினவோ அதையே திறந்துவிட்டு, மற்ற நானூற்றுச் சொச்சம் பிரிவுகளில் ஒற்றுமை கண்டார்கள். அத்தனை உழைப்பும் பாதிப் பயனோடு நின்றது.

அரபு நாடுகளின் பாதை தனி. 1948 எகிப்திய சிவில் சட்டம் குடியுரிமையை அடிப்படையாகக் கொண்டு சில பிரிவுகளில் இதை முடித்தது. அந்த வார்ப்பு சிரியா, ஈராக், லிபியா என்று பரவியது. அதில் ஒரு பிரிவைக் கவனிக்க வேண்டும்: திருமணத்தின்போது தம்பதியரில் ஒருவர் எகிப்தியராக இருந்தாலே எகிப்தியச் சட்டம் மட்டுமே பொருந்தும். நடுநிலையான விதிகளுக்கு நடுவே தன் குடிமக்களுக்கென்று கட்டிய மதில் அது.

இரண்டு முகாம்களுக்கும் இடையில் ஹேக் மாநாடு மூன்றாவது வழியைத் தேடியது. டச்சு அறிஞர் அஸ்ஸர் 1893இல் கூட்டிய மாநாடு அது. அவருக்கு 1911இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஹேக் உடன்படிக்கைகள் மெல்ல மெல்ல வழக்கமான வசிப்பிடம் என்ற அளவுகோலை முன்வைத்தன. ஒருவர் மனத்தில் எந்த ஊருக்குத் திரும்ப நினைக்கிறார் என்று துருவாமல், உண்மையில் எங்கே வாழ்கிறார் என்று மட்டும் பார்க்கும் அளவுகோல். 2010இல் சீனா தன் சட்டத்தை 52 பிரிவுகளில் எழுதியபோது இதையே தனிநபர் சட்டத்தின் முதுகெலும்பாக்கியது. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்து, வாழ்க்கையின் மையமாகிவிட்ட இடம் என்று சீன உச்ச நீதிமன்றம் பின்னர் விளக்கம் தந்தது. எண்ணிப் பார்க்கத்தக்க அளவு. அதுவே அதன் சிறப்பு.

இத்தனை நாடுகள் எழுதிக்கொண்டிருந்தபோது அமெரிக்கா அழித்துக்கொண்டிருந்தது. நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக 1934இல் வெளியான முதல் சட்ட மறுவுரை இறுக்கமானது: விபத்து எங்கே நடந்ததோ அந்த இடத்தின் சட்டம், விதிவிலக்கில்லை. 1960இல் நியூயார்க்கைச் சேர்ந்தவர்கள் நியூயார்க்கில் பதிவான காரில் வார இறுதிக்குக் கனடாவின் ஒன்டாரியோ போனார்கள். அங்கே கார் விபத்துக்குள்ளானது. பயணி ஓட்டுநர்மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டார். ஒன்டாரியோ சட்டம் இலவசமாக ஏறிய பயணியின் வழக்கைத் தடுத்தது. எல்லாத் தரப்பும் நியூயார்க். மண் மட்டும் ஒன்டாரியோ. 1963இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விதியைக் கைவிட்டு நியூயார்க் சட்டத்தைப் பொருத்தியது. நியாயமான முடிவு. அதோடு சேர்ந்து அமெரிக்க அறிஞர் பிரெய்னர்ட் கர்ரியின் கோட்பாடும் பரவியது: விபத்து நடந்த இடம் போன்ற இணைப்புக் காரணிகளை விட்டுவிட்டு, எந்த மாநில அரசுக்கு இந்த வழக்கில் உண்மையான அக்கறை இருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு நடந்தது தொகுப்பு வேண்டாம் என்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய வரலாறு. அதே நியூயார்க் நீதிமன்றம் 1972இல், கார்ப் பயணி வழக்குகளுக்கென்று மூன்று விதிகளை வரிசையாக எழுதிக்கொடுத்தது. வழக்குக்கு வழக்கு தேடி அலுத்துப்போன பின், விதியை உடைத்த நீதிபதிகளே ஒன்பது ஆண்டுகளில் விதி எழுத வேண்டியதாயிற்று. 1971இன் இரண்டாம் மறுவுரை மிக நெருக்கமான தொடர்புள்ள இடம் என்ற சூத்திரத்தைத் தந்தது. எந்தப் பக்கமும் இழுக்கத்தக்க சூத்திரம். பிரெஞ்சு, ஸ்பானிய மரபு ஊறிய லூயிசியானா மட்டும் 1991இல் முழுமையான தொகுப்பை இயற்றியது. அதை வரைந்தவர் மேலே சொன்ன சைமியோனிடிஸ். எந்த மாநிலத்தின் சட்டத்தை விட்டுவிட்டால் அதன் கொள்கைக்கு மிகக் கடுமையான பாதிப்பு நேருமோ அந்தச் சட்டத்தைப் பொருத்து என்ற பொதுத் தத்துவம் முதலில். விபத்து, ஒப்பந்தம், வாரிசுரிமைக்குத் தெளிவான விதிகள் அடுத்து. அமெரிக்கப் புரட்சியின் நல்லதை வைத்துக்கொண்டு அதன் குழப்பத்தை வெளியேற்றிய சட்டம் அது. பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றவில்லை என்பது வருத்தம்.

என் மதிப்பீட்டில் இன்றுவரை எழுதப்பட்டவற்றுள் சிறந்தது சுவிஸ் தொகுப்பு. 1987 டிசம்பரில் ஏற்கப்பட்டு 1989இல் நடைமுறைக்கு வந்தது, 200 பிரிவுகள். அதன் கட்டமைப்பே பயனாளரை மனத்தில் வைத்தது. திருமணம் என்ற தலைப்பைத் திறந்தால் எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம், வெளிநாட்டுத் தீர்ப்பு செல்லுமா என்ற மூன்றுக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. விவாகரத்து, தத்தெடுப்பு, வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் அப்படியே. ஜப்பான் இதற்கு நேர்மாறு. 2006இல் புதுப்பித்த சட்டம் எந்த நாட்டுச் சட்டம் என்பதை மட்டும் சொல்கிறது. நீதிமன்ற அதிகார வரம்பு வேறொரு சட்டத்தில். அந்த வரம்புக்கோ நெடுங்காலம் எழுதப்பட்ட விதியே இல்லை. 1977இல் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த மலேசிய விமானம் விழுந்து இறந்த ஜப்பானியரின் குடும்பம், சொந்த நாட்டில் வழக்குப் போடலாமா என்று தெரிந்துகொள்ள 1981இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த விமான நிறுவனத்துக்கு டோக்கியோவில் அலுவலகம் இருந்ததால் போடலாம் என்றது நீதிமன்றம். சட்டம் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வர 2012 ஆயிற்று.

சுவிஸ் தொகுப்பின் 15ஆம் பிரிவு நிச்சயம், நெகிழ்ச்சி என்ற பழைய சண்டைக்கு நேர்மையான தீர்வு. விதி காட்டும் சட்டத்துக்கு வழக்கோடு மிக மெல்லிய தொடர்பே இருந்து, இன்னொரு நாட்டுச் சட்டத்தோடு மிக நெருங்கிய தொடர்பு இருப்பது தெளிவாகத் தெரிந்தால், விதிவிலக்காக நீதிபதி விதியை விலக்கலாம். நீதிபதிக்குக் கதவு உண்டு. ஆனால் அந்தக் கதவு எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சுவிஸ் நீதிமன்றங்கள் அதை அரிதாகவே திறந்திருக்கின்றன. அடுத்து வரும் 16ஆம் பிரிவை இன்னும் அதிகமாக மதிக்கிறேன். வெளிநாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிமன்றமே கண்டறிய வேண்டும். பண, சொத்துக் கோரிக்கைகளில் மட்டும் அந்தச் சுமையைத் தரப்பினர்மீது வைக்கலாம். வணிகருக்கும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. நம் இந்திய நீதிமன்றங்களில் வெளிநாட்டுச் சட்டம் ஒரு சங்கதி. சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் குடும்பச் சட்டத்துக்கு நிபுணர் சாட்சியைத் தேடிப்பிடிக்க ஆந்திரத்திலோ தமிழ்நாட்டிலோ கைவிடப்பட்ட ஒரு பெண்ணால் முடியுமா?

எழுதிவைப்பதன் பயன் என்ன என்பதற்கு ஜெர்மனி இன்னொரு பதிலைத் தருகிறது. 1896 சட்டம், தம்பதியரின் சொத்துறவுக்கும் விவாகரத்துக்கும் கணவனின் குடியுரிமையை அளவுகோலாக வைத்தது. முதல் அடி 1971இல் விழுந்தது. விவாகரத்தான ஜெர்மானியப் பெண்ணை மணக்க விரும்பிய ஸ்பானியர் ஒருவருக்கு, அன்றைய ஸ்பானியச் சட்டம் விவாகரத்தை ஏற்காததால், அனுமதி மறுக்கப்பட்டது. வெளிநாட்டுச் சட்டத்தைப் பொருத்தும்போதும் அடிப்படை உரிமைகள் காக்கப்பட வேண்டும் என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். 1983இல் சொத்துறவு விதியையும் 1985இல் விவாகரத்து விதியையும் சமத்துவத்துக்கு எதிரானவை என்று அதே நீதிமன்றம் வீழ்த்தியது. 1986இல் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. ஜப்பானும் 1989 திருத்தத்தில் கணவனின் சட்டத்தை நீக்கியது. கணவனின் வாழிடமே மனைவியின் வாழிடம் என்ற பொதுச் சட்ட விதியை இங்கிலாந்து 1973இல் சட்டமியற்றி ஒழித்தது. அநீதியான விதியும் எழுத்தில் வெளிச்சத்தில் இருந்தால், அதைச் சுட்டிக்காட்டி எதிர்க்க முடிகிறது. இதுவே தொகுப்புக்கான வலுவான வாதம் என்பது என் துணிபு.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1968இன் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை, 1980இன் ரோம் உடன்படிக்கை என்று வணிகத்தில் தொடங்கிய ஒருமைப்பாடு, குடும்பத்துக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. விவாகரத்துக்குப் பொருந்தும் சட்டம் பற்றிய 2010 விதிமுறையை எல்லா நாடுகளும் ஏற்காததால், விரும்பிய நாடுகள் மட்டும் சேர்ந்து அதை நிறைவேற்றின. 2015 முதல் நடைமுறையில் உள்ள வாரிசுரிமை விதிமுறை அருமையானது: இறந்தவரின் கடைசி வழக்கமான வசிப்பிடம் எதுவோ அதன் சட்டம், வேண்டுமானால் உயிரோடிருக்கும்போதே தன் குடியுரிமைச் சட்டத்தைத் தேர்ந்து வைக்கலாம். மன்சீனிக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கிடைத்தது. குறை, எல்லாம் தனித்தனி விதிமுறைகளாகச் சிதறிக் கிடப்பது.

தமிழர் வாழும் நிலங்களில் இந்தச் சிக்கல் நாட்டெல்லைக்கு உள்ளேயே இருக்கிறது. டச்சு ஆட்சியில் 1706–07இல் கிளாஸ் இசாக்ஸ் தொகுத்த தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் திருமணச் சொத்தையும் வாரிசுரிமையையும் ஆள்கிறது. மற்றவற்றுக்கு ரோமன் டச்சுச் சட்டம். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, வாரிசுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்வது: தேசவழமைக்கு உட்பட்ட பெண் வெளியே ஒருவரை மணந்தால் அந்தத் திருமணம் நீடிக்கும்வரை தேசவழமை அவளுக்குப் பொருந்தாது, வெளியிலிருந்து வரும் பெண் தேசவழமைக்காரரை மணந்தால் பொருந்தும். ஆணுக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1983இல் தூக்கி எறிந்த அதே வகை விதிதான் இது. புதுச்சேரியிலோ, 1881 ஆணையின்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்துகிறது. புதுச்சேரி முறைப்படி இந்தியாவுடன் இணைந்த 1962க்குப் பின் பாரிஸில் அந்தச் சட்டம் கண்ட மாற்றங்கள் இங்கே தாமாக வந்து சேர்வதில்லை.

இந்தியாவுக்குத் தொகுப்பு இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிநாட்டுத் தீர்ப்பு எந்த ஆறு சூழல்களில் செல்லாது என்கிறது. 44அ பிரிவு, அறிவிக்கப்பட்ட நாடுகளின் பணத் தீர்ப்பாணைகளை இங்கே நேரடியாக நிறைவேற்ற வழிசெய்கிறது. நடுவர் தீர்ப்புகளுக்கு 1958 நியூயார்க் உடன்படிக்கையும் 1996 சட்டமும் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் 44அ பட்டியலில் சேர்ந்தது; துபாய் வங்கியின் கடன் தீர்ப்பாணை இப்போது மதுரை நீதிமன்றத்துக்கு நேராக வரலாம். பணத்துக்கு இத்தனை வழி இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய விவாகரத்துக்கோ தனிச் சட்டம் எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தை 1991இல் உச்ச நீதிமன்றம் நரசிம்ம ராவ் வழக்கில் நிரப்பியது. 1975இல் திருப்பதியில் நடந்த திருமணம், மிசௌரியில் தொண்ணூறு நாள் வசித்ததாகக் காட்டி, உறவு மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்தில் கணவர் வாங்கிய விவாகரத்து, பிறகு மறுமணம். இந்து திருமணச் சட்டத்தில் அந்தக் காரணம் கிடையாது. எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் வேண்டும் என்று தீர்ப்பளித்து, எதிர்த்தரப்பு முழு மனதோடு பங்கேற்றால் அல்லது சம்மதித்தால் போன்ற சில விலக்குகளையும் நீதிமன்றம் வகுத்தது. ஏமாற்றப்பட்ட பெண்ணைக் காத்த தீர்ப்பு. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இருபது ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தம்பதிக்கும் அதே விதி. அங்கே முறிவுக் காரணத்தில் மனைவியே வாங்கிய விவாகரத்தைக் கணவன் இங்கே வந்து மறுக்கவும் அது இடம் தருகிறது. திருமணச் சட்டத்தை வாழ்நாள் முழுதும் ஒட்டவைக்கும் விதி இது. வழக்கமான வசிப்பிடத்தை நோக்கி உலகம் நகர்ந்தபோது நாம் எதிர்த்திசையில் நின்றோம். அப்படி நிற்பது சரியா என்று நாடாளுமன்றத்தில் யாரும் விவாதிக்கவே இல்லை.

வணிகத்துக்குத் தொகுப்பு இப்போது அவசரமில்லை. ஒப்பந்தங்களில் தரப்பினர் தேர்ந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1992 முதலே தெளிவாக மதிக்கிறது. 2019 ஹேக் தீர்ப்புகள் உடன்படிக்கையில் சேர்ந்தாலும் குடும்பங்களுக்குப் பயனில்லை. குடும்ப வழக்குகளை அது வெளியே வைத்திருக்கிறது. வேண்டியது குடும்பத்துக்கான சட்டம். வெளிநாட்டு விவாகரத்துகளை ஏற்பது பற்றித் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 65ஆவது அறிக்கையில் 1976இலேயே கேட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான 287ஆவது அறிக்கை, வெளிநாடு வாழ் இந்தியரின் திருமணங்களுக்கு முழுமையான மையச் சட்டத்தைப் பரிந்துரைத்தது. இடைப்பட்டது 48 ஆண்டு.

அந்தச் சட்டம் வரையப்படும்போது அதில் இருக்க வேண்டியவை என்று நான் கருதுபவை இவை. கணவன் மனைவி இருவரும் எங்கே வழக்கமாக வசிக்கிறார்களோ அந்த நீதிமன்றத்தின் விவாகரத்தை, எதிர்த்தரப்புக்கு உண்மையான அறிவிப்பும் வாதிட வாய்ப்பும் கிடைத்திருந்தால், காரணம் எதுவானாலும் ஏற்க வேண்டும். ஒருவர் மட்டும் பறந்துபோய்ச் சில மாத வசிப்பில் வாங்கிய விவாகரத்தை மற்றவரின் சம்மதமின்றி ஏற்கக் கூடாது. வசிப்பிடத்துக்குச் சீனாவைப் போல எண்ணத்தக்க கால அளவு வேண்டும். வெளிநாட்டுச் சட்டத்தை நீதிமன்றமே கண்டறியும் பொறுப்பு வேண்டும். சுவிஸ் 15ஆம் பிரிவைப் போல ஒரு விதிவிலக்கும் வேண்டும். கூடவே 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 15, 16 பிரிவுகளை நீக்க வேண்டும். இந்து, இஸ்லாமியர், பௌத்தர், சீக்கியர், சமணர் அல்லாதவர்களின் வாரிசுரிமைக்கு, மணமான பெண்ணின் வாழிடம் கணவனின் வாழிடமே என்று அவை இன்றும் சொல்கின்றன. நீதிமன்றம் பிரித்துவைத்தாலோ, கணவன் நாடுகடத்தல் தண்டனை அனுபவித்தாலோ மட்டும் அவளுக்கென்று தனி வாழிடம் உண்டு. நாடுகடத்தல் தண்டனையை இந்தியா 1955இலேயே ஒழித்துவிட்டது.